ஒட்டுப் போர்வையும் ஒரு யானையும்



கண்டி மாநகரிலிருந்து வத்தேகமை வழியாக மலையேறிச் சென்றால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கும் கராம்பு, மிளகுத் தோப்புகளுக்கும் நடுவே பன்வில என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. அப்பகுதி அரசினர் பாடசாலை ஒன்றில் நான் அதிபராகப் பணி புரிகின்றேன். கல்லூரியில் நான் கற்றவை வரலாறும் தமிழும். ஊசியிற் கோத்த நூலுக்குச் செவ்வையாக முடிச்சிடவும் அறியேன். அத்தகைய ஒருவன் இன்று தையற்கலை பற்றிப் பேச முன்வந்தது எவ்வாறு என்பதை முதலிற் கூறிவிடுகின்றேன்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாட் காலை, ஏழாந் தரத்து மாணவி ஒருத்தி என் அறை வாயிலில் வந்து நின்றாள். அவள் கையில் ஏறத்தாழ ஓரடிச் சதுரமான துணி ஒன்று இருந்தது. அதன் நடுவே சாம்பல் நிற யானை அச்சிட்ட பருத்தித் துண்டு; அதனைச் சுற்றி நாற்புறமும் நீல நிறப் பட்டைகள். கைக்குட்டையெனின் பெரிது, மேசை விரிப்பெனின் சிறிது. விளிம்புகள் மடித்துத் தைக்கப்படாமல் நூல் பிரிந்து கிடந்தன.

“சேர், அம்மா அனுப்பியிருக்காங்க. இது என்னன்னு அம்மாயிக்கும் தெரியல்ல” என்றாள்.

அவளுடைய தாய், நாட்டிற் பொருள் நெருக்கடி முற்றியிருந்த 2022ஆம் ஆண்டில், முதியோரைப் பராமரிக்கும் பணிக்காக இஸ்ரேல் நாட்டுக்குச் சென்றவர். அங்கே தென்பகுதி நகரொன்றில், தொண்ணூறு வயதை அணுகிய யூத மூதாட்டி ஒருவரைக் கவனித்து வந்தார். அவ்வீட்டில் உருவான துணியே அது. மனைப்பொருளியல் ஆசிரியையை அழைத்துக் காட்டினேன். அவர் துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது தனியொரு பொருளன்று, ஒட்டுப் போர்வை ஒன்றின் கட்டம். இதைப்போல இன்னும் பல வர வேண்டும்” என்றார்.

அன்று தொடங்கிய எமது விசாரணையின் பயனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஒட்டுப் போர்வை என்பது யாது? ஆங்கிலேயர் குவில்ட் என வழங்கும் அப்போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த அழகிய முகம். நடுவடுக்கு, குளிரைத் தடுக்கும் மெல்லிய பஞ்சுப் படலம் அல்லது பழைய கம்பளி. கீழடுக்கு, உடலிற் படும் மென்துணி. இம்மூன்றையும் ஊடுருவி ஓட்டுத் தையல் இட்டால், அடுக்குகள் விலகாமல் ஒன்றாகின்றன. மேலடுக்கை ஒரே முறையில் தைப்பது கடினம் ஆதலால், அதனைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே முடித்து, இறுதியில் யாவற்றையும் இணைப்பர். அச்சதுரமே கட்டம். மடியில் வைத்துத் தைக்கத்தக்க அளவினதாகையால், வீட்டு வேலைகளுக்கு இடையே கிடைக்கும் அரைமணி நேரத்திலும் அதனை எடுக்கலாம். அழைப்பு வந்தால் கூடையில் இட்டுவிட்டு எழலாம்.

இது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மலைநாட்டு லயங்களிற் பிறக்கும் குழந்தைக்குப் பழஞ்சேலையை நான்காக மடித்து, ஓரம் பிடித்துத் தைத்துப் போர்த்தும் வழக்கத்தை நம் பாட்டிமார் இன்றும் கைவிடவில்லை. வங்காளத்துப் பெண்டிர் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அச்சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் யானை, குதிரை, மயில், மீன் முதலிய உருவங்களை இழைத்துக் காந்தா எனும் போர்வையைச் செய்கின்றனர். வறுமையிற் பிறந்த சிக்கனமே நாளடைவிற் கலையாயிற்று என்பதற்கு இவை சான்றுகள்.

இனி, அந்த யானைக் கட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். முடிந்த போர்வையிற் கட்டத்தின் அளவு பன்னிரண்டு அங்குலச் சதுரம். நடுத் துண்டு ஆறு அங்குலம். சுற்றுப் பட்டையின் அகலம் மூன்று அங்குலம். ஆனால் துணியை வெட்டும்போது இவ்வளவுகளிலேயே வெட்டினாற் கட்டம் குறுகிவிடும். ஒவ்வொரு துண்டின் ஒவ்வோர் ஓரமும் கால் அங்குலத்தைத் தையலுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே நடுத் துண்டை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டுதல் வேண்டும். பட்டைகள் நான்கின் அகலமும் மூன்றரை அங்குலம். அவற்றுள் இரண்டின் நீளம் ஆறரை அங்குலம், ஏனைய இரண்டின் நீளம் பன்னிரண்டரை அங்குலம். முதலிற் குறும்பட்டைகளை இரு பக்கத்திலும், பின்னர் நெடும்பட்டைகளை மேலும் கீழும் இணைத்தால், பன்னிரண்டரை அங்குலக் கட்டம் கிடைக்கும். எஞ்சிய அரை அங்குலம், அயற்கட்டங்களோடு சேரும்போது மறையும்.

வெட்டுவதற்கு முன் துணிகளைத் துவைத்து உலர்த்துதல் முக்கியம். புதுத் துணி சுருங்கும்; சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். தைத்த பின் இவை நேர்ந்தால் உழைப்பு முழுவதும் வீணாகும். பாவு நூலின் திசையறிந்து நேராக வெட்டுதலும் வேண்டும். கோணலாக வெட்டிய துணி இழுபட்டுக் கட்டத்தின் மூலைகளைச் சாய்த்துவிடும். ஒவ்வொரு தையல் முடிந்ததும் அதனை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, விளிம்பைக் கருநிறத் துணியின் பக்கமாக மடக்கிவிடுவர். வெளிர் நிறத்தின் பக்கம் மடக்கினால் அதன் நிழல் முன்புறத்தில் தெரியும்.

விலங்குகள் அச்சிட்ட துணியைக் கையாள்வதில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. பூத்துணியை எப்பக்கம் திருப்பினும் பூ பூவாகவே தோன்றும், விலங்கு அவ்வாறன்று. துணியைச் சிக்கனமாக வெட்டும் ஆசையில் திசை மாறிவிட்டால், யானை தலைகீழாக நிற்கும். மீன் வானத்தை நோக்கி ஏறும். கத்தரிக்கோல் கருதாது ஓடினால் மானின் தலை ஒரு துண்டிலும் கால் மற்றொரு துண்டிலுமாகப் பிரியும். ஆகவே கெட்டியான அட்டையில் ஆறரை அங்குலச் சாளரம் ஒன்றை வெட்டி, அதனைத் துணியின் மேல் நகர்த்தி, விலங்கு முழுமையாக அச்சாளரத்தினுள் நிற்கும் இடத்தைக் கண்டு, கோடிட்டு வெட்டுவர். ஓரத்திற் கால் அங்குலம் தையலுள் மறையும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மறந்தால் யானையின் வால் மறைந்துபோகும். இவ்வாறு வெட்டுவதில் துணி மிகுதியாகச் செலவாகும். வெட்டியதன்பின் எஞ்சும் சிறு துண்டுகளைப் பட்டைகளுக்குப் பயன்படுத்துவதே சிக்கனம்.

அம்மாணவியின் தாய் இவையனைத்தையும் அம்மூதாட்டியிடமே கற்றார். ஹீபுரு மொழியிற் பாட்டியைச் சவ்தா என்பர். அவரும் அவ்வாறே அழைத்தார். சவ்தாவின் கண் மங்கியபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். கை நடுங்கியபோது துணியை வெட்டிக் கொடுத்தார். பின்னர் தாமே தைக்கலானார். சவ்தா தம் பூட்டக் குழந்தைகளுக்காகப் போர்வை தைத்தார். பணிப்பெண்ணுக்கும் ஒரு மகள் இருப்பதை அறிந்து, “உன் மகளுக்கும் ஒன்று செய்” என்று துணிப் பெட்டியைத் திறந்து வைத்தார். ஊர் திரும்புவோர் கையில், ஒரு நேரத்தில் ஒன்றும் இரண்டுமாகக் கட்டங்கள் பன்விலைக்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு, கைத்தொலைபேசியிற் குரற் பதிவுகளும் வந்தன. அவ்வீட்டின் வாழ்க்கை முறையை எமக்கு அறிவித்தவை அவையே. அவற்றுட் கேட்டவற்றை, நூல்களிற் கற்றவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

யூத இல்லத்தின் வாரம் வெள்ளிக்கிழமை மாலையை நோக்கியே நடக்கின்றது. அன்று கதிரவன் மறைவது முதல் சனிக்கிழமை இரவில் விண்மீன்கள் தோன்றும் வரை சாபத் என்னும் ஓய்வுநாள். வெள்ளி பிற்பகலிலேயே வீடு துப்புரவாகும். மறுநாளைக்கு உரிய உணவும் சமைத்து வெப்பத் தட்டின் மேல் வைக்கப்படும். ஞாயிறு மறைவதற்குச் சற்று முன் இல்லத்தரசி மெழுகுதிரிகளை ஏற்றுவாள். மேசையில் இரண்டு பின்னல் அப்பங்கள் இருக்கும். அவற்றின் மேல் தையல் வேலைப்பாடு அமைந்த துணி ஒன்று மூடியிருக்கும். திராட்சை இரசத்தின் மேல் வாழ்த்துக் கூறிய பின்னரே அத்துணியை நீக்குவர்.

ஆசாரம் பேணும் இல்லங்களில் அந்நாளில் விலக்க வேண்டிய வேலைகளை, பண்டைய யூத அறிஞர் முப்பத்தொன்பது வகையாக வகுத்தனர். வியப்பு யாதெனில், அவற்றுட் கணிசமானவை துணியோடு தொடர்புடையவை. ஆட்டு மயிர் கத்தரித்தல், அதனை வெளுத்தல், சாயமிடுதல், நூற்றல், நெய்தல் என்று அப்பட்டியல் நீள்கின்றது. இரண்டு தையல் இடுதலும், இரண்டு தையல் இடுவதற்காகக் கிழித்தலும் அதில் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன. பாலைவனத்தில் அவர்தம் முன்னோர் அமைத்த வழிபாட்டுக் கூடாரத்துக்கு எவ்வேலைகள் தேவைப்பட்டனவோ, அவையே ஓய்வுநாளில் விலக்கப்பட்டன என்பது மரபு. அக்கூடாரமும் பத்துத் துணித் திரைகளை ஐந்தைந்தாக இணைத்து அமைத்ததாகவே அவர்தம் வேதம் கூறுகின்றது. துண்டுகளை இணைத்து ஓர் உறைவிடம் ஆக்கும் எண்ணம் அச்சமுதாயத்தின் நினைவிற் பழமையானது.

ஆகவே வெள்ளி மாலையில், கட்டம் பாதியில் நின்றாலும் சவ்தா ஊசியைத் துணியிற் குத்தி வைத்துவிடுவார். “இன்னும் நாலு தையல்தான் சவ்தா, முடிச்சிடுறேன்னு சொன்னேன். வேண்டாம், அது சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருக்கும்னு சொல்லிட்டாங்க” என்று ஒரு பதிவில் அத்தாய் மகளிடம் கூறியிருந்தார். ஓய்வு என்பது வேலை முடிந்த பின் வருவதன்று. வேலை முடியாத போதும் வருவது என்னும் கருத்து, நாட்கூலியையே நம்பி வாழ்ந்த மலைநாட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்குப் புதுமையாகவே தோன்றியிருக்கும்.

சனி இரவில் ஓய்வுநாளை வழியனுப்பும் சடங்கு ஒன்று உண்டு. பல திரிகளைப் பின்னிய மெழுகுதிரியை ஏற்றி, நறுமணப் பொருள் இட்ட சிறு பேழையை ஒவ்வொருவராக முகர்ந்து பார்ப்பர். அப்பேழையிற் பெரும்பாலும் இருப்பது கராம்பு. அத்தாய் தம் பயணப் பெட்டியில், சளிக்கு உதவுமென்று அம்மாயி கட்டிக் கொடுத்த பன்விலக் கராம்பை வைத்திருந்தார். சவ்தாவின் பேழைக்குள் அதுவும் சேர்ந்தது. வாரந்தோறும் அம்மணத்தை முகர்ந்த பின்னரே தையற் கூடை மீண்டும் திறந்தது.

துணியைத் தேர்வதிலும் அவ்வில்லத்தில் நெறி உண்டு. ஆட்டு மயிரையும் சணல் வகை நாரிலிருந்து எடுக்கும் லினன் நூலையும் ஒரே ஆடையிற் கலத்தல் யூத வேதத்தில் விலக்கப்பட்டது. பருத்திக்கு அத்தடை இல்லை. ஆதலாற் பருத்தித் துணியே கவலையற்றது. விலங்கு உருவங்களைப் பொறிக்கலாமோ என்ற ஐயமும் எழலாம். வணங்குதற்கென்று உருவம் செய்வதையே அவர்தம் கட்டளை விலக்குகின்றது. அலங்காரத்துக்கு விலங்கு வரைவது அவரிடையே நெடுநாள் வழக்கம். யாக்கோபு தம் மக்களை வாழ்த்தியபோது யூதாவைச் சிங்கத்துக்கும், நப்தலியைப் பெண் மானுக்கும், பென்யமீனை ஓநாய்க்கும் ஒப்பிட்டதாக வேதம் கூறுவதால், சிங்கமும் மானும் தொழுகைக் கூடங்களிலும் துணிகளிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. நோவாவின் பேழையில் இணையிணையாக ஏறிய விலங்குகளோ குழந்தைப் போர்வைகளுக்கு என்றும் உகந்தவை. மிகுந்த ஆசாரமுள்ள சில பிரிவினர் மட்டும், உண்ணத்தகாத விலங்குகளின் படங்களைக் குழந்தைகளின் கண்ணிற் படாமல் விலக்குவர். சவ்தாவின் பெட்டியில் யானை இருந்ததிலிருந்து, அவ்வில்லம் அவ்வளவு இறுக்கமானதன்று என அறிகின்றோம்.

ஜெர்மனி நாட்டு யூதரிடையே நிலவிய வழக்கம் ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுதல் இயலாது. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் நிகழும் விருத்தசேதனச் சடங்கின்போது சுற்றிய துணியை, பின்னர் துவைத்து, பெரும்பாலும் நான்கு பட்டைகளாகக் கிழித்து, முனையோடு முனை இணைத்து நீண்ட நாடா ஆக்குவர். அதிற் குழந்தையின் பெயரையும் பிறந்த நாளையும் தைப்பர். பிறந்த மாதத்துக்கு உரிய இராசியின் உருவமாகிய சிங்கம், மீன், நண்டு போன்றவற்றையும் சேர்ப்பர். விம்பெல் எனப்படும் அந்நாடாவாலேயே தொழுகைக் கூடத்தின் வேதச் சுருளைக் கட்டுவர். தொட்டிலிற் கிடந்த துணி வேதத்தைக் காக்கும் துணியாகின்றது.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நமக்கு அண்மையில், கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியிலும் இத்தகைய யூத இல்ல வாழ்வு பல நூற்றாண்டுகள் தழைத்திருந்தது. அங்குள்ள பரதேசி யூதத் தொழுகைக் கூடம் 1568ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றது. இஸ்ரேல் நாடு 1948இல் அமைந்த பின்னர் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். சென்றவர் போக எஞ்சிய சிலருள் ஒருவர் சாரா கோஹன் அம்மையார். அவர் அப்பம் மூடும் துணிகளும் தலைக்குல்லாய்களும் கையாலே தைத்து, தம் வீட்டின் முகப்பிலேயே கடை வைத்து விற்றார். 2019ஆம் ஆண்டில், தொண்ணூற்றாறாம் வயதில் அவர் காலமானார். அவருடைய கடையைப் பேணி நடத்தி வருபவர், அவர் மகனைப் போல அன்பு பாராட்டிய தாஹா இப்ராஹிம் என்னும் முஸ்லிம் அன்பர். ஊசியும் நூலும் சமய வேற்றுமை பார்ப்பதில்லை.

நம் கண்டிச் சீமைக்கும் யூதருக்கும் உள்ள தொடர்பும் புதியதன்று. 1841ஆம் ஆண்டிற் புசல்லாவையிற் கோப்பித் தோட்டம் அமைத்த டி வேர்ம்ஸ் சகோதரர், புகழ்பெற்ற றொத்சைல்ட் என்னும் யூத வங்கிக் குடும்பத்தின் உறவினர். தேயிலை இந்நாட்டின் தொழிலாவதற்கு முன்பே அவர்கள் சீனத்துத் தேயிலைச் செடிகளை அங்கு நட்டுப் பார்த்தனர். றொத்சைல்ட் தோட்டம் என்னும் பெயர் இன்றும் நம்மவர் வாயில் வழங்குகின்றது. அன்று அவர்கள் நம் மலைக்கு வந்தனர். இன்று நம் மலைப் பெண்கள் அவர்தம் இல்லங்களுக்குச் செல்கின்றனர்.

இனி மாணவியின் கதைக்குத் திரும்புகின்றேன். 2023 செப்டெம்பர் வரையில் ஏழு கட்டங்கள் வந்து சேர்ந்தன. யானை, சிங்கம், செம்மறி, புறா, மீன், கழுதை, ஒட்டகம். மூன்று கட்டம் அகலமும் நான்கு கட்டம் நீளமுமாகப் பன்னிரண்டு கட்டங்கள் வேண்டும். “மிச்சத்தை நானே தைக்கிறேன்” என்று அவள் முன்வந்தாள். கண்டி நகரிலே ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுத் துணிகள் நிறைக்கு விற்கப்படும். ஆசிரியை அவற்றிலிருந்து முயல், மயில், பசு அச்சிட்ட துண்டுகளைத் தேடிக் கொணர்ந்தார்.

முதற் கட்டத்தில் அவள் தோல்வியுற்றாள். ஆறு அங்குலச் சதுரமும் மூன்று அங்குலப் பட்டையும் அளந்து வெட்டித் தைத்தாள். பார்த்தால், கட்டம் பதினொரு அங்குலமே இருந்தது. அதனைத் தாயின் கட்டத்தின் மேல் வைத்தாள். ஒன்றரை அங்குலம் குறைந்தது. “மூணும் ஆறும் மூணும் பன்னிரண்டுதானே சேர்? ஒரு அங்குலம் எங்க போச்சு?” என்று கேட்டாள். ஆசிரியை கட்டத்தைத் திருப்பி, பின்புறத்தில் மடங்கிக் கிடந்த விளிம்புகளைக் காட்டினார். குறுக்கே இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரு துணிகள். ஒவ்வொரு துணியும் கால் அங்குலம். ஆக, ஓர் அங்குலம். அது தொலையவில்லை, உள்ளே இருந்து கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. விட்டுக்கொடுத்த துணியே தையலைத் தாங்குகின்றது. மிகக் குறைவாக விட்டால், முதற் சலவையிலேயே தையல் பிரியும்.

அவ்வாறிருக்கையில் ஒக்டோபர் மாதம் 7ஆம் திகதி வந்தது. அன்று சனிக்கிழமை, சாபத் நாள். இஸ்ரேலின் தென்பகுதியில் அன்று நிகழ்ந்த தாக்குதலிற் கொல்லப்பட்டோருள், இலங்கையிலிருந்து பராமரிப்புப் பணிக்குச் சென்றோரும் இருந்தனர். அதன்பின் மூண்ட போரிற் காசாவில் மாண்டோரும் வீடிழந்த குழந்தைகளும் பல்லாயிரவர். அவ்வார இறுதி முழுவதும் அத்தாயிடமிருந்து செய்தி வரவில்லை. திங்கட்கிழமை அம்மாணவி பாடசாலைக்கு வந்தாள். பாடத்திற் கவனம் செல்லவில்லை. பிற்பகலில் அவளுடைய அம்மாயி, மழையில் நனைந்தவாறே தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, தொலைபேசியை என் மேசை மேல் வைத்தார். “நல்லா இருக்கோம். சங்கு ஊதுறப்ப சவ்தாவைக் கூட்டிக்கிட்டு உள் அறைக்குள்ள போயிடுறேன். தையல் கூடையும் அங்கதான் இருக்கு” என்னும் குரல் அதில் இருந்தது.

அவ்வறையில் தைத்த கட்டம் திசெம்பர் மாதத்தில் எம் கைக்குக் கிட்டியது. அதில் நின்றது மான். தையல் சில இடங்களிற் கோணியிருந்தது. ஆசிரியை அதனைப் பிரித்துத் திருத்தட்டுமா என்று கேட்டார். மாணவி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

பன்னிரண்டாவது கட்டத்துக்கு எந்த விலங்கு? அவள் யானையே வேண்டும் என்றாள். கண்டித் துண்டுகளில் யானை அகப்படவில்லை. அப்போது ஆசிரியைக்குத் தும்பறைப் பாய் நினைவுக்கு வந்தது. எமது தும்பறைப் பிரதேசத்தில், குண்டசாலைக்கு அருகே ஹேனவல என்னும் கிராமத்தில், ஹண என்னும் செடியின் நாரைச் சாயமிட்டு நெய்யும் கைத்தொழில் வழிவழியாக நடைபெற்று வருகின்றது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வண்ணங்களில் யானை, மான், பறவை, நாகம் முதலியவை அப்பாய்களில் அணிவகுக்கும். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அக்கலையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. நம் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலில், கண்டி நாட்டின் நெசவு, பாய்முடைதல், தையல் ஆகிய கலைகளை விரிவாகப் பதிந்து வைத்தார்.

பாவும் ஊடும் செங்கோணத்திற் சந்திப்பதால், தும்பறை யானைக்கு வளைந்த முதுகு இல்லை. படிக்கட்டுப் போல ஏறி இறங்கும் முதுகே உண்டு. அச்சுத் துணியில் விலங்கு முன்பே நிற்கின்றது. அதனைச் சிதைக்காமல் வெட்டுவதே திறமை. பாயிலோ விலங்கு எண்ணிக்கையிலிருந்து பிறக்கின்றது. எண்ணிக்கையிலிருந்து பிறப்பதைச் சிறு சதுரங்களாலும் ஆக்கலாம் அன்றோ? வரைதாளில் அகலத்துக்கு ஆறும் உயரத்துக்கு ஆறுமாக முப்பத்தாறு கட்டம் இட்டு, யானையைக் கறுப்பாலும் வெளியைச் செம்மஞ்சளாலும் நிரப்பினாள். தாயின் பழஞ்சேலைகள் இரண்டிலிருந்து ஒன்றரை அங்குலச் சதுரங்கள் முப்பத்தாறு வெட்டினாள். முதலில் ஆறு வரிசைகளாகத் தைத்து, பின்னர் வரிசைகளை இணைத்தாள். ஆறரை அங்குல யானை எழுந்தது.

கணித ஆசிரியர் அதனை வகுப்பிற் காட்டி ஒரு கேள்வி கேட்டார். வெட்டிய துணியின் பரப்பு எண்பத்தொரு சதுர அங்குலம். போர்வையில் இணைந்த பின் வெளியே தெரியும் யானைத் துண்டின் பரப்பு முப்பத்தாறு சதுர அங்குலமே. மீதி நாற்பத்தைந்து எங்கே? பாதிக்கும் மேற்பட்ட துணி உள்ளே மறைந்திருக்கின்றது. கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாதது மிகுதி. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கணக்கிடுகின்றோம்; அப்பணத்தின் பின்னே மடங்கிக் கிடக்கும் தாயின் இரவுகளையும், அம்மாயியின் முதுகு வலியையும், குழந்தையின் மௌனத்தையும் எவரும் கணக்கிடுவதில்லை. அவ்விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளுள் பலரின் தாய்மார் இவ்வாறே கடல் கடந்திருப்பவர்கள். வகுப்பு அமைதியாயிற்று.

2024 தை மாதத்தில் போர்வை முடிந்தது. பன்னிரண்டு கட்டங்களும் மூன்றடிக்கு நான்கடி. சுற்றிலும் அரையடிச் சேலைக் கரை சேர்த்ததால், நான்கடிக்கு ஐந்தடி. நடுவே பழைய கம்பளி. கீழே தாயின் மற்றொரு சேலை. தாயின் யானையும் மகளின் யானையும் ஒன்றையொன்று நோக்கி நிற்குமாறு கட்டங்களை அடுக்கினோம். ஒன்று அச்சிட்ட யானை, மற்றது எண்ணிக் கட்டிய யானை; அளவில் இரண்டும் ஒன்றே. அதனாலேயே இரண்டும் ஒரே போர்வையில் இடம்பெற்றன. பன்விலையில் அம்மாதத்து இரவுகள் குளிர்மிக்கவை. அம்மாயியும் பேத்தியும் அதனைச் சேர்ந்தே போர்த்திக்கொள்வதாகக் கேள்வியுற்றேன். படத்தைக் கண்ட சவ்தா, கோணற் தையலிட்ட மானைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாராம்.

அத்தாய் இன்னும் ஊர் திரும்பவில்லை. போர்வை அவருக்கு ஈடாகாது என்பதை அம்மாணவியும் அறிவாள், நானும் அறிவேன். எனினும், எம் பாடசாலையில் வெட்டுத்துண்டுகளை இப்போது எவரும் குப்பையில் இடுவதில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மனைப்பொருளியல் அறையிற் பெண்களும் ஆண்களுமாகப் பன்னிருவர் அமர்ந்து தைக்கின்றனர். மணி அடித்ததும் ஊசியைத் துணியிற் குத்தி வைத்துவிட்டு எழுகின்றனர். பாதியில் நின்ற கட்டம் திங்கட்கிழமை வரை காத்திருக்கின்றது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய சேலையொன்றும், குழந்தையின் சட்டைத் துண்டொன்றும் கிடக்கக்கூடும். ஆறரை அங்குலத்தில் ஒரு சதுரம் வெட்டிப் பாருங்கள். ஓரத்திற் கால் அங்குலம் விட மறவாதீர்கள்.